டீமை ஓட்டிக்கொண்டு போனவர்

ஸ்டியரிங்கை இடது பக்கம் ஒடிப்பதா வலது பக்கம் ஒடிப்பதா என்பதுதான் வாழ்க்கை அந்த மனிதர் கையில் கொடுத்திருந்த ஒரே அதிகாரம். அதை வைத்து அவர் இரண்டு தடவை பழி வாங்கினார். முதல் தடவை ஊரே கைதட்டியது. இரண்டாவது தடவையைப் பற்றி ஊர் இன்றுவரை வாயைத் திறப்பதில்லை. அவர்கள் திறக்க மாட்டார்கள், அதனால் நான் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அவர் ஊர்க் கால்பந்து அணியின் பஸ் டிரைவர். அணி என்றால் ஓய்வு நேரத்தில் பந்தை உதைத்துக்கொண்டிருந்த கூட்டம் இல்லை. சம்பளம் வாங்கி ஆடுகிற அணி, லீக்கில் ஆடுகிற அணி, பெயருக்கு முன்னால் ஊர்ப் பெயரைப் போட்டுக்கொண்ட அணி. அந்த ஊரில் அணியின் பச்சை நிறம் பூசாத ஷட்டரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். முடிவெட்டுகிற கடையில் போய் உட்கார்ந்தால் போன வாரம் தவறவிட்ட கோலைப் பற்றி ஒரு பாட்டம் புலம்பிவிட்டுத்தான் கத்திரியைக் கையில் எடுப்பார்கள். அணி தோற்ற மறுநாள் எந்த வீட்டுச் சாப்பாட்டிலும் உப்பு சரியாக இருக்காது.

வெளியூரில் ஆடிவிட்டுத் திரும்பும்போது பெரிய சாலையிலிருந்து இறங்கியதும் தண்ணீர்த்தொட்டி முக்கு வரும். இடது பக்கம் போனால் கடைத்தெரு, வலது பக்கம் போனால் குடோன் ரோடு. இரண்டும் போய்ச் சேருவது ஒரே மைதானத்துக்குத்தான். ஜெயித்து வந்தால் கடைத்தெரு வழியாக ஊர்ந்து போவார். ஆட்டக்காரர்கள் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டுவார்கள். தெரு மொத்தமும் வியாபாரத்தைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வாசலுக்கு ஓடி வரும். தோற்று வந்தால் குடோன் ரோடு. அங்கே மூட்டை தூக்குகிறவர்களைத் தவிர ஆள் நடமாட்டம் கிடையாது. ஜன்னல் திரையை இழுத்துவிடச் சொல்லி, ஹாரன் அடிக்காமல், பூனை மாதிரி மைதானத்துக்குள் நுழைந்துவிடுவார். தோற்றுப்போன முகத்தை ஊர் பார்க்க வேண்டாம் என்று அவராகவே ஆரம்பித்த வழக்கம் அது. ஸ்கோர் எல்லோருக்கும் போனிலேயே வந்துவிடும்தான். இருந்தாலும் பஸ் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்த்தால்தான் கடைத்தெருவுக்கு வெற்றியும் ஜீரணமாகும், தோல்வியும் ஜீரணமாகும்.

கடைத்தெரு அவருக்கு மாமியார் வீடு. மனைவி பிறந்து வளர்ந்தது அந்தத் தெருவில். அவளுடைய அண்ணன் அங்கே அணியின் ஜெர்சியும் கொடியும் தொப்பியும் விற்கிற கடை வைத்திருந்தார். மச்சான் அவரை 'மாப்பிள்ளை' என்று கூப்பிட, பக்கத்துக் கடைக்காரரும் கூப்பிட, எதிர்க்கடைக்காரரும் கூப்பிட, கடைசியில் தெருவுக்கே அவர் மாப்பிள்ளை ஆகிவிட்டார். ஒரு தடவை தெருவில் பஸ்ஸை மறித்த போலீஸ்காரர்கூட, "மாப்பிள்ளை, கொஞ்சம் ஓரமா எடுங்க" என்றார். இதில் அவருக்கு உள்ளுக்குள் அப்படி ஒரு பெருமை. வெளியே காட்டிக்கொள்ள மாட்டார், காது மட்டும் சிவக்கும்.

அணிக்கு ஒரு மேனேஜர் இருந்தார். வாய் நிறையச் சிரிப்பு, வாய் நிறைய அண்ணே. டிரைவருக்குப் பக்கத்து முன் சீட்டில்தான் எப்போதும் உட்காருவார். டிரைவரின் டிபன் பாக்ஸை உரிமையோடு திறந்து பாதியைக் காலி பண்ணிவிட்டு, "அக்கா கைக்கு ஒரு வளையல் போடணும்ணே" என்பார். அந்த மூஞ்சியை நினைத்தால் இத்தனை வருஷம் கழித்தும் எனக்குக் கை பரபரக்கிறது.

அணியை முதலாளி வேறொரு பெரிய நகரத்துக்குக் கொண்டுபோகப் போகிறார் என்று ஒரு சமயம் பேச்சு அடிபட்டது. மேனேஜர் கடைத்தெரு நடுவில் நின்று நெஞ்சில் கை வைத்து, "இந்த ஊரை விட்டுட்டு நாங்க எங்கங்க போவோம்? எங்க உயிரே இங்கதான இருக்கு" என்றார். டிரைவரும் கேட்டவர்களிடமெல்லாம் அதையே சொன்னார். தினமும் தன் சோற்றில் பங்கு போடுகிறவன் பொய் சொல்வானா என்று நினைத்துவிட்டார், பாவம்.

சீசன் முடிகிற நேரத்தில் ஒரு வெளியூர் மேட்ச் வந்தது. அன்று காலை பஸ்ஸின் டிக்கி நிரம்பி வழிந்தது. போதாதென்று பின் சீட்டுகளிலும் மரப்பெட்டிகளை அடுக்கினார்கள்.

"என்ன சார், குடும்பத்தோட குடி போற மாதிரி இருக்கு?" என்று டிரைவர் கேலியாகக் கேட்டார்.

"மேட்ச் முடிஞ்சதும் அங்கயே பயிற்சி முகாம்ணே. பந்து, வலை, அது இதுன்னு சாமான் சேந்துபோச்சு" என்று மேனேஜர் சிரித்தார்.

அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. பஸ் வெளியூருக்குக் கிளம்பினால் கடைத்தெருவில் நீளமாக ஒரு ஹாரன் அடிப்பது வழக்கம். அன்றும் அடித்தார். தெரு வெளியே வந்து கையாட்டியது. மச்சான் கடையிலிருந்து ஒரு பெரிய கொடியை எடுத்து வந்து ஆட்டினார். அந்த ஊர் ஜெயித்த கோப்பைகள் அத்தனையும் பஸ்ஸின் பின்னால் மரப்பெட்டிகளுக்குள் போய்க்கொண்டிருந்தன. ஊர் சிரித்துக்கொண்டே அவற்றை வழியனுப்பி வைத்தது.

பெரிய நகரத்தில், மேனேஜர் காட்டிய வழியில் போய், ஒரு புது மைதானத்தின் வாசலில் பஸ்ஸைத் திருப்பும்போதுதான் அவர் பலகையைப் பார்த்தார். அணியின் பெயர் இருந்தது. அதற்கு முன்னால் தன் ஊர்ப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அந்த நகரத்தின் பெயர் இருந்தது. பிரேக்கில் வைத்த காலை அவரால் எடுக்க முடியவில்லை.

"நீங்களும் இங்கயே இருந்துடுங்கண்ணே. அக்காவையும் கூட்டிட்டு வந்துடுங்க" என்றார் மேனேஜர், வாயில் கவளத்தோடு.

டிரைவர் அவர் மடியிலிருந்த டிபன் பாக்ஸைப் பிடுங்கிக்கொண்டு இறங்கினார். பஸ் சாவியையும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். சாவி இல்லாமல் அவர்கள் திண்டாடட்டும் என்று நினைத்ததில் ஊர் வந்து சேரும்வரை ஒரு சின்னத் திருப்தி இருந்தது. அவர்களிடம் இன்னொரு சாவி இருந்தது என்பது பின்னால்தான் அவருக்கு உறைத்தது.

கூட்டம் பிதுங்குகிற பஸ்ஸில் நின்றுகொண்டே ஊர் வந்தார். அதற்குள் செய்தி வந்துவிட்டிருந்தது. கடைத்தெருவில் யாரும் கத்தவில்லை. எல்லோரும் அவரையே பார்த்தார்கள். மச்சான்தான் முதலில் கேட்டார்.

"எங்க கொண்டுபோய் விட்டுட்டு வர்றீங்க?"

"எனக்குத் தெரியாது மச்சான். சத்தியமா எனக்கு எதுவும் தெரியாது."

"ஓட்டுறவனுக்குத் தெரியாதா, வண்டி எங்க போகுதுன்னு?"

அந்த ஒரு கேள்வி போதுமானதாக இருந்தது. பால் வாங்கப் போன இடத்தில் அதைக் கேட்டார்கள். முடிவெட்டப் போன இடத்தில் கத்திரியை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். அவருடைய வீட்டுச் சுவரில் கரியால் எழுதியும் வைத்தார்கள். அணியைக் கொண்டுபோன முதலாளியை ஊரில் பாதிப் பேர் நேரில் பார்த்ததே இல்லை. மேனேஜர் கைக்கு எட்டாத தூரத்தில் சிரித்துக்கொண்டிருந்தார். ஹாரன் அடித்து டாட்டா வாங்கிக்கொண்டு போனவர் மட்டும் பக்கத்துத் தெருவில் குடியிருந்தார். ஒரே வாரத்தில் மாப்பிள்ளை போய் 'டிரைவர்' ஆனார். "டிரைவர், கொஞ்சம் தள்ளி நில்லுங்க." சொல்கிற தொனியைக் கேட்டால் அது ஏதோ கெட்ட வார்த்தை மாதிரி இருக்கும்.

கடைத்தெருவில் ஷட்டர்கள் ஒவ்வொன்றாக இறங்கின. விற்காத ஜெர்சிகளை மூட்டை கட்டிப் பரணில் போட்டுவிட்டு மச்சான் பள்ளிக்கூட யூனிபார்ம் விற்க ஆரம்பித்தார். அவருடைய நஷ்டம் நஷ்டம்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் தங்கை மகள், அதாவது டிரைவர் மகள், கல்யாணத்துக்கு வராமல் இருந்ததை மட்டும் நான் ஒருநாளும் மன்னிக்க மாட்டேன். மண்டபத்தில் முன்வரிசையில் ஒரு நாற்காலியை யாரையும் உட்கார விடாமல் அவருடைய தங்கை கடைசிவரை பிடித்து வைத்திருந்தாள். தன் அம்மாவைக் கெஞ்சிக் கூட்டி வந்திருந்தாள். அண்ணன் வரவில்லை. சாப்பாடு முடிந்து ஆட்கள் நாற்காலிகளை மடிக்க வந்தபோது, "அதை மட்டும் இருக்க விடுங்க" என்று அவள் சொன்னதைக் கேட்டுக்கொண்டு டிரைவர் கைகழுவுகிற இடத்திலேயே வெகுநேரம் நின்றார்.

பழி வாங்குவது என்று அவர் முடிவெடுத்தது அங்கேதான். அடிப்பதோ வெட்டுவதோ அவர் சுபாவம் இல்லை. அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அந்த மேனேஜர் கடைத்தெருவில் வந்து நின்று, தன் வாயாலேயே, 'இவருக்குத் தெரியாது' என்று சொல்ல வேண்டும். மச்சான் காது அதைக் கேட்க வேண்டும். மனைவியிடம் சொன்னார்.

"அவன் எப்படிங்க இங்க வருவான்?" என்றாள் அவள்.

"வருவான். வர்ற அன்னிக்கு வண்டி என் கையில இருக்கணும், அவ்வளவுதான்."

முடிவெடுத்த பிறகு அவருக்கு நன்றாகத் தூக்கம் வந்தது. பசியும் எடுத்தது. வாடகை பஸ் விடுகிற ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார். வேலைக்குப் போகவும் வரவும் கடைத்தெருவை மிதிக்காமல் குடோன் ரோட்டைச் சுற்றித்தான் போவார். அங்கே மூட்டை தூக்குகிறவர்கள் தேநீர் குடிக்கும்போது அவருக்கும் ஒரு டம்ளரை நீட்டுவார்கள். அவர்கள் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. "என்னண்ணே, டீம்தான் போயிடுச்சே, இன்னும் ஏன் தோத்த வழியிலயே வர்றீங்க?" என்று மட்டும் ஒருத்தர் கேலி செய்தார். அந்த வருஷங்களில் அவர் வாய்விட்டுச் சிரித்தது அதற்கு மட்டும்தான்.

ஊர் சும்மா இருக்கவில்லை. காலியாகக் கிடந்த மைதானத்தில் புல் வெட்டி, கடைத்தெருக்காரர்களே ஒரு கமிட்டி போட்டு, உள்ளூர்ப் பையன்களை வைத்து ஒரு புது அணியைக் கட்டினார்கள். மச்சான்தான் கமிட்டியில் முக்கியமான ஆள். பரணிலிருந்த பச்சை ஜெர்சிகளைக் கீழே இறக்கி, பழைய சின்னத்தின்மேல் புதுச் சின்னத்தை வைத்துத் தைத்துக் கொடுத்தார். பையன்கள் கீழ்மட்ட லீக்கில் விழுந்து எழுந்து, அடிபட்டு மிதிபட்டு, ஒரு வருஷம் கோப்பைப் போட்டியில் பெரிய அணிகளோடு ஆடுகிற இடத்துக்கு வந்தார்கள். குலுக்கலில் அவர்களுக்கு எதிராக விழுந்தது பழைய அணி. ஆட்டம் இந்த ஊர் மைதானத்தில்.

வருகிற அணியை ரயிலடியிலிருந்து ஏற்றி இறக்க அவர் வேலை பார்த்த கம்பெனிக்குத்தான் அழைப்பு வந்தது. கம்பெனி முதலாளி வேறு ஒருவரைப் போட்டிருந்தார். டிரைவர் போய் நின்றார்.

"நான் எடுக்கிறேன் சார்."

"வேணாம்யா. நீ பழசை மனசுல வச்சுக்கிட்டு எங்கயாவது கொண்டுபோய் முட்டிடுவ."

"என் வண்டியில ஒரு கீறல் விழுந்து பாத்திருக்கீங்களா சார்?"

அது உண்மைதான். முதலாளி சாவியைக் கொடுத்தார்.

ரயிலடியில் மேனேஜர் அவரைப் பார்த்ததும் அதே சிரிப்பைச் சிரித்தார். "அடடே, நீங்களா! அக்கா நல்லா இருக்காங்களா? பாருங்க, சுத்திச் சுத்தி உங்க வண்டிக்கே வந்துட்டோம்" என்று முதுகில் தட்டிவிட்டு, பழைய பழக்கத்தில் முன் சீட்டில் உட்கார்ந்தார். டிபன் பாக்ஸ் எங்கே இருக்கிறது என்று கண்கள் தேடின. டிரைவர் அன்று சோறு கொண்டு வரவில்லை.

ஆட்டத்தில் உள்ளூர்ப் பையன்கள் ஜெயித்தார்கள். எப்படி ஜெயித்தார்கள் என்று கேட்காதீர்கள். பழைய அணிக்கு இது ஒரு மேட்ச், இவர்களுக்கு உயிர். மைதானம் கத்திய கத்தலைப் பார்க்கிங்கில் பஸ்ஸுக்குள் உட்கார்ந்தே டிரைவர் கேட்டார். உடம்பெல்லாம் அவருக்குச் சிலிர்த்தது. இருந்தும் எழுந்து போய்ப் பார்க்கவில்லை. அவருடைய ஆட்டம் இனிமேல்தான் இருந்தது.

தோற்றவர்கள் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு ஏறினார்கள். "குடோன் ரோடு வழியா விட்டுடுங்கண்ணே. அதான உங்க வழக்கம்" என்றார் மேனேஜர், மெல்லிய குரலில். வழக்கத்தை ஞாபகம் வைத்திருந்தார், பாருங்கள்.

டிரைவர் மைதானத்து வாசலில் வண்டியைக் கடைத்தெருப் பக்கம் ஒடித்தார்.

தெரு நிறைய ஜனம். தங்கள் பையன்களின் பஸ்ஸுக்காகக் கொடியோடு காத்துக்கொண்டிருந்தவர்கள், பழைய அணி வந்து நிற்பதைப் பார்த்துக் கொடியை இறக்கினார்கள். மச்சான் கடைக்கு நேராக நிறுத்தி, எஞ்சினை அணைத்து, கதவைத் திறந்தார் டிரைவர். சாவியை உருவிக் கையில் வைத்துக்கொண்டார். யாரோ பஸ்ஸின் பக்கவாட்டில் ஓங்கித் தட்டினார்கள். பிறகு நிறையக் கைகள் தட்டின. உள்ளே இருந்த ஆட்டக்காரர்கள் புதுப் பையன்கள், ஒன்றும் புரியாமல் சீட்டுக்கு அடியில் குனிந்தார்கள்.

"என்னண்ணே இது? எடுங்க, வண்டிய எடுங்க!" மேனேஜர் முகத்தில் சிரிப்பைக் காணோம். சிரிப்பு போன பிறகு அந்த முகத்தில் வேறு ஒன்றுமே இல்லை.

"அன்னிக்குப் பெட்டிக்குள்ள என்ன இருந்துச்சுன்னு எனக்குத் தெரியுமா சார்?"

"அதெல்லாம் இப்ப எதுக்கு? போலீஸைக் கூப்பிடுவேன்."

"கூப்பிடுங்க. அவங்களும் கேக்கட்டும். படியில நின்னு, இவங்களுக்குக் கேக்குற மாதிரி சொல்லுங்க. சொன்னீங்கன்னா வண்டி நகரும்."

வெளியே தட்டல் பெரிதானது. ஒரு செருப்பு பறந்து வந்து கண்ணாடியில் பட்டு விழுந்தது. மேனேஜர் எழுந்து படிக்கு வந்தார். "இவருக்கு ஒண்ணும் தெரியாது! போதுமா? நாங்கதான் சொல்லல. சொல்லியிருந்தா இவர் வண்டிய எடுத்திருக்கவே மாட்டாரு. இவர் ஓட்டுனா நீங்க யாரும் சந்தேகப்பட மாட்டீங்கன்னுதான் இவர வச்சு ஓட்டுனோம்!" என்று கத்தினார். அவர் கால்கள் வெடவெடவென்று ஆடியதை டிரைவர் பக்கத்தில் நின்று ஆற அமரப் பார்த்தார். தேனில் ஊறின பலாச்சுளையைத் தின்றால்கூட அவருக்கு அவ்வளவு இனித்திருக்காது.

தெரு முழுக்கக் கைதட்டல். விசில், கூச்சல். மச்சான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, டிரைவரைக் கீழே இழுத்துத் தோளில் கை போட்டார்.

"விடுங்க மாப்பிள்ளை. இதுக்காகவா இவனை இங்க இழுத்துட்டு வந்தீங்க? உங்களுக்குத் தெரியாதுங்கிறது எங்களுக்கு அப்பவே தெரியுமே!"

டிரைவர் அவர் பக்கம் திரும்பினார். "என்ன மச்சான் சொன்னீங்க?"

"தெரியாம என்ன? உங்களப் பத்தி எங்களுக்குத் தெரியாதா? அவனுங்க போயிட்டானுங்க. ஆத்திரத்துக்கு யாரையாவது திட்டணும்ல? நீங்க ஒருத்தர்தான் கையில கெடச்சீங்க." மச்சான் மனசு நிறைந்து சிரித்தார். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். "ஆமா மாப்பிள்ளை, மனசுல வச்சுக்காதீங்க" என்றார் பால்காரர். முடிவெட்டுகிறவர் முதுகில் தட்டினார். இத்தனை வருஷமாக அடைத்து வைத்திருந்த மாப்பிள்ளையை எல்லோரும் ஒரே நேரத்தில் அள்ளி அள்ளி அவர்மேல் கொட்டினார்கள்.

டிரைவர் பஸ்ஸில் ஏறி, கதவை மூடி, மேனேஜரையும் ஆட்டக்காரர்களையும் ரயிலடியில் இறக்கிவிட்டார். வழியில் அந்த ஆள்மேல் கோபப்படக்கூட அவருக்குத் தோன்றவில்லை. அந்த ஆள் பொய் சொன்னான், பொய் சொல்வது அவன் பிழைப்பு. இவர்கள் உண்மை தெரிந்தவர்கள். தெரிந்துகொண்டே சுவரில் எழுதினார்கள். தெரிந்துகொண்டே கத்திரியை நிறுத்தினார்கள்.

வீட்டில் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். மேனேஜர் நடுங்கிய இடத்தில் அவள் சிரித்தாள். அண்ணன் சொன்னதைச் சொன்னதும் சிரிப்பு நின்றது.

"தெரியுமாமா?"

"அப்பவே தெரியுமாம்."

"தெரிஞ்சுக்கிட்டேதான் கல்யாணத்துக்கு வராம இருந்தாரா?" என்றாள். பிறகு, "தெரியாம கோவிச்சுக்கிட்டிருக்காருன்னு நெனச்சு, இத்தனை வருஷம் நான் எங்க அண்ணனுக்காகவும் சேத்து அழுதேங்க" என்றாள்.

மறுவாரமே அண்ணன் பழமும் பலகாரமுமாக வந்து உட்கார்ந்தார். அவள் தண்ணீர் கொடுத்தாள், சாப்பாடு போட்டாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். டிரைவரின் பேத்தியை மடியில் வைத்துக் கொஞ்சிவிட்டு அவர் திருப்தியாகக் கிளம்பிப் போனார். எல்லாம் சரியாகிவிட்டது என்று கடைத்தெரு நினைத்துக்கொண்டது. தப்பு பண்ணினவர்களுக்கு எல்லாம் சீக்கிரம் சரியாகிவிடும்.

அந்த வருஷம் உள்ளூர்ப் பையன்கள் தங்கள் லீக்கையே ஜெயித்தார்கள். கடைசி ஆட்டம் வெளியூரில். பழைய அணி போன பிறகு ஊருக்குள் வரப்போகிற முதல் கோப்பை. கமிட்டி மொத்தமும் முன்கூட்டியே டிரைவர் வீட்டுக்கு வந்திருந்தது. "கடைத்தெருவுல அந்தப் பஸ்ஸை மாப்பிள்ளைதான் ஓட்டிட்டு வரணும். அதுதான் எங்களுக்கு அழகு" என்றார் மச்சான். டிரைவர் மனைவியைப் பார்த்தார். அவள் சரி என்று தலையை அசைத்தாள்.

"ஓட்டுறேன் மச்சான்" என்றார்.

அன்று சாயங்காலம் கடைத்தெருவில் கால் வைக்க இடம் இல்லை. ஷட்டர்களுக்குப் புதிதாகப் பச்சை அடித்திருந்தார்கள். மேளக்காரர்கள் வந்திருந்தார்கள். மாடிகளிலிருந்து கொட்டக் கூடை கூடையாகப் பூ இருந்தது. மச்சான் பட்டுச் சால்வையோடு கடை வாசலில் நின்றார். சால்வை டிரைவருக்கு.

பஸ் தண்ணீர்த்தொட்டி முக்குக்கு வந்தது. உள்ளே பையன்கள் பாடிக்கொண்டிருந்தார்கள். தூரத்தில் மேளம் கேட்டது. டிரைவர் ஸ்டியரிங்கை வலது பக்கம் ஒடித்தார்.

"அண்ணே, கடைத்தெரு அந்தப் பக்கம்ணே" என்றான் கோப்பையை மடியில் வைத்திருந்த கேப்டன்.

"தெரியும்பா. திரையெல்லாம் தெறந்து விடு. உங்களுக்கு ஒரு கொறையும் வராது."

ஹாரனில் வைத்த கையை அவர் எடுக்கவே இல்லை. குடோன் ரோட்டில் மூட்டையோடு போய்க்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அந்த ரோட்டில் அதுவரை அவர்கள் பார்த்ததெல்லாம் திரை மூடின பஸ்தான். கோப்பையைப் பார்த்ததும் மூட்டைகளைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்கள். சாக்குத் தூசியோடு ஜன்னலில் தொங்கி, பையன்களின் கன்னத்தைக் கிள்ளி, பஸ் கூரைமேல் ஏறி ஆடினார்கள். கேலி பேசின அந்த ஆள் ஒரு டம்ளர் தேநீரை டிரைவர் ஜன்னலுக்குள் நீட்டி, "அண்ணே, வழி மாறி வந்துட்டீங்களா?" என்றார். டிரைவர் வண்டியை நிறுத்தி, அதை நிதானமாகக் குடித்தார். பையன்களும் இறங்கி அவர்களோடு ஆடினார்கள்.

கடைத்தெரு நின்றுகொண்டே இருந்தது. மேளம் ஓய்ந்தது. பஸ் எப்போதோ மைதானத்துக்குள் போய்விட்டது என்று யாரோ ஓடி வந்து சொன்னதும், தெருவில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. பூக்கூடைகளை இறக்கிக்கொண்டு மாடியிலிருந்தவர்கள் கீழே வந்தார்கள்.

டிரைவர் வண்டியை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தபோது போன் அடித்துக்கொண்டிருந்தது. மனைவி எடுத்துப் பார்த்துவிட்டு அவரிடமே நீட்டினாள். மச்சான். குரல் உடைந்திருந்தது.

"என்ன மாப்பிள்ளை இப்படிப் பண்ணிட்டீங்க? ஊரே நிக்குது இங்க. பழக்கதோஷத்துல தெரியாம அந்தப் பக்கம் திருப்பிட்டீங்களா? தெரியாமத்தானன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க மாப்பிள்ளை, நான் எல்லார்கிட்டயும் சொல்லிக்கிறேன்."

"மாப்பிள்ளை வேணாம். டிரைவர்னே கூப்பிடுங்க" என்றார் அவர். "அதெப்படி மச்சான்? ஓட்டுறவனுக்குத் தெரியாதா, வண்டி எங்க போகுதுன்னு?"

போனை வைத்துவிட்டுக் கைகழுவப் போனார். அவள் தட்டை எடுத்து வைத்துச் சோறு போட்டாள்.